கிணற்றுச் சந்தின் அகலம்

தொட்டகானஹள்ளி
16-3-1986

786

ஷமீம் அப்பாவுக்கு வஹிதா எழுதுவது. ஸலாம். நானும் ஷமீமும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுத்தனுப்ப இந்தப் பக்கமிருந்து சவுதிக்கு, தம்மாம் பக்கம் போகிற ஆள்தான் யாரும் கிடைக்கவில்லை.

ஒரு சேதி இருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள். உங்கள் பெண்டாட்டி இப்போது டவுன் பஞ்சாயத்து மெம்பர்.

நம் வார்டில் பக்ருதீன் பாய் ஒரு பக்கமும் மண்டிக்கார அர்ச்சுனன் ஒரு பக்கமும் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். மனுத் தாக்கல் செய்வதற்குள் அடிதடி வந்துவிடும் போலிருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி, இரண்டு பேரும் வேண்டாம், யாராவது ஒரு பொம்பளையை நிறுத்திவிடலாம் என்றார்கள். சந்தில் எல்லோருக்கும் மனு எழுதித் தருகிறவள் நான்தானே! உங்கள் தம்பி ஹயாத் பாஷா வந்து, "அண்ணி, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். "ஏன், எனக்கு வேற ஒண்ணும் வராதா?" என்று கேட்டேன். சிரித்தார். போட்டி இல்லாமல் ஜெயித்துவிட்டேன். உங்களிடம் கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் எலக்‌ஷனே முடிந்திருக்கும். அதனால் கேட்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு முக்காடு போட்டுக்கொண்டு போனேன். சுவரோரம் எனக்கு ஒரு தனி நாற்காலி. குடிதண்ணீர், சந்தைக் குத்தகை, பன்றித் தொல்லை என்று எல்லோரும் பேசி முடித்த பிறகு தலைவர் என்னைப் பார்த்து, "அம்மா ஒண்ணும் பேசலியே" என்றார். "கிணத்துச் சந்துக்குள்ள ஃபயர் இன்ஜின் எப்படிங்க வரும்?" என்று கேட்டேன்.

போன சித்திரையில் சந்தின் கடைசியில் கூரை வீடுகள் எரிந்ததை எழுதியிருந்தேன். பாவம் என்று நீங்களும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆட்டை அவிழ்க்க உள்ளே போன குள்ளம்மாள், அதுதான் பச்சியப்பன் சம்சாரம், திரும்பி வரவில்லை. தர்மபுரியிலிருந்து வண்டி வந்தது. வந்தும் சந்து முனையில், நம் வீட்டுப் படியருகே நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. அங்கிருந்தே குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எட்டவில்லை. நான் ஷமீமைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். வேறொன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வஹிதா


தம்மாம்
9-4-1986

வஹிதாவுக்கு தஸ்தகீர். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இது எட்டுப் பேர் படுக்கிற அறை. ஒருத்தனுக்குக் கடிதம் வந்தால் மற்ற ஏழு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்ன சேதி என்று கேட்டார்கள். ஷமீமுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். பெண்டாட்டி மெம்பர் ஆகிவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் அத்தனை ஆம்பிளைகள் இருக்க, ஆம்பிளை இல்லாத என் வீட்டில்தானா வந்து ஆள் தேடினார்கள்? ஹயாத் சொன்னதுதான் சரி. நீ கையெழுத்தோடு நிறுத்திக்கொள். கூட்டத்தில் கேள்வி கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம். நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் வந்து நிற்க நான் அங்கே இல்லை.

இங்கே பலதியா வேலைதான் நடக்கிறது. பலதியா என்றால் இந்த ஊர் முனிசிபாலிட்டி. தெருவெல்லாம் தோண்டி அகலப்படுத்தித் தார் போடுகிறோம். வெயில் இப்போதே ஏறிவிட்டது. முதுகு அப்படியேதான் இருக்கிறது.

முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயா? ஜன்னல் கம்பிக்குப் பச்சை பெயிண்ட்தானே? மொசைக்கை வாரம் ஒரு தடவை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு போகாது என்று இங்கே ஒருத்தன் சொன்னான். நாற்காலி கிழக்கு ஜன்னல் பக்கம் இருக்கட்டும். வருகிறவர்களை அங்கே உட்கார வைக்காதே என்று சொல்லவில்லை. முதலில் நான் உட்கார வேண்டும் என்று ஒரு ஆசை. போன வருஷம் லீவையும் விட்டுவிட்டுக் கட்டின அறை. போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

ஷமீமுக்கு முத்தம்.

தஸ்தகீர்


தொட்டகானஹள்ளி
3-5-1986

ஷமீம் அப்பாவுக்கு. ஸலாம். குழந்தைக்கு இல்லாத காய்ச்சலை வரவழைக்காதீர்கள். வேறு பொய் சொல்லுங்கள்.

சந்தில் இரண்டு டியூப்லைட் போட்டுவிட்டோம். பாருங்கள், "போட்டோம்" என்று எழுத வந்துவிட்டது எனக்கு! முனையில் ஒரு தண்ணீர்க் குழாயும் வந்திருக்கிறது. காலையில் அங்கே நடக்கிற குடச் சண்டையைத் தீர்த்து வைப்பதும் மெம்பர் வேலைதானாம். சாக்கடை அள்ளுகிறார்கள், ஆனால் அள்ளினதை அங்கேயே கரையில் குவித்துவிட்டுப் போகிறார்கள். பஞ்சாயத்து அதிகாரி இ.ஓ.விடம் சொன்னால் "நோட் பண்ணிக்கிட்டேம்மா" என்கிறார். அவர் நோட் பண்ணினதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஃபயர் இன்ஜின் போகிற அளவுக்குச் சந்தை அகலப்படுத்தத் தீர்மானம் வந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். சந்தில் எட்டு வீடு வெளியே வந்திருக்கிறது. மற்ற ஏழிலும் படியும் சாக்கடைத் திட்டும் போனால் போதும். நம் வீட்டில் கோடு முன்னறைக்குள் விழுகிறது. கிழக்கு ஜன்னலும் நாற்காலி இருக்கிற இடமும் கோட்டுக்கு அந்தப் பக்கம். சர்வேயர் மொசைக் மேலேயே சிவப்பு பெயிண்ட்டால் கோடு இழுத்துவிட்டுப் போனார். மிச்சமிருப்பதில் ஒரு கயிற்றுக் கட்டில்கூடக் குறுக்கே போட முடியாது.

சித்திரைத் தீக்கு முன்னால் அந்த அறையைக் கட்டும்போது மேஸ்திரி, மூன்று அடி முன்னால் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும், நான் உங்களுக்கு எழுதினதும், எல்லோரும்தான் இழுத்திருக்கிறார்கள் நாமும் இழுப்போம் என்று நீங்கள் எழுதினதும் ஞாபகம் இருக்கிறதா? சர்வேயர் அளந்துகொண்டிருக்கும்போது எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு உங்களுடையது. உங்கள் வார்த்தை இல்லாமல் ஒரு செங்கல்லும் எடுக்க விடமாட்டேன். ஆனால் நம் வீடுதான் சந்தின் வாய். இது நகராமல் உள்ளே யார் நகர்ந்தும் பிரயோசனமில்லை. யோசித்து எழுதுங்கள்.

வஹிதா


தம்மாம்
24-5-1986

வஹிதா,

யோசிக்க ஒன்றுமில்லை. அறையைத் தொடக் கூடாது.

ஹயாத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கை தூக்கினாயாமே, யார் வீட்டுச் சுவர் என்று நினைத்துத் தூக்கினாய்?

உனக்குத் தெரியாத கதை ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் கல்யாணப் பேச்சுக்கு உன் அப்பா வந்தபோது அவரை உட்கார வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. ஒரே அறை. அதில் அம்மா இருமிக்கொண்டு படுத்திருந்தாள். அப்போது நான் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பாவைக் கூட்டிப்போய் எதிரே தையல் கடைப் பலகையில் உட்கார வைத்தேன். கடைக்காரன் துணி வெட்ட வேண்டும், கொஞ்சம் நகருங்கள் பாய் என்று இரண்டு தடவை சொன்னான். உன் அப்பா நகர்ந்து நகர்ந்து கடைசியில் எழுந்து நின்றுவிட்டார். அந்த வெட்கத்தை நான் மறக்கவில்லை. விசா வந்த அன்றைக்கே முடிவு செய்தேன், நம் வீட்டுக்கு முன்னால் ஒரு அறை, வருகிறவன் கௌரவமாக உட்கார ஒரு அறை.

இங்கே படுத்ததும் அந்த அறைக்குப் போய்விடுவேன். கதவைத் திறப்பேன். ஜன்னலைத் திறப்பேன். மொசைக்கில் செருப்பில்லாமல் நடப்பேன். அப்படி நடந்தால்தான் தூக்கம் வருகிறது. ஏழு பேர் குறட்டை விடுகிற இடத்தில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதில் நீ சிவப்புக் கோடு போட விட்டிருக்கிறாய்.

பச்சியப்பனுக்காக நானும் வருத்தப்படுகிறேன். அதற்கு என் அறைதான் கிடைத்ததா?

தஸ்தகீர்


தொட்டகானஹள்ளி
15-6-1986

ஷமீம் அப்பாவுக்கு. பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகிறது. ஷமீமுக்கு ரோஜா நிறத்தில் கவுன் எடுத்தேன். எல்லோர் வீட்டுக்கும் போய் ஸலாம் சொல்லிவிட்டு வந்து, "நம்ம வூட்டுக்கு மட்டும் ஏம்மா யாரும் வரல?" என்று கேட்டாள். ஆம்பிளை இல்லாத வீடு, தயங்குகிறார்கள் என்று குழந்தைக்கு எப்படிச் சொல்ல? சேமியாவைக் கிண்ணத்தில் ஊற்றி அக்கம்பக்கம் கொடுத்தனுப்பினேன்.

நீங்கள் எழுதினதற்கு நானும் பதில் எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் இருக்கிறது.

நீங்கள் அந்த அறையில் மனசுக்குள் நடக்கிறீர்கள். நான் நிஜமாகவே அதைப் பெருக்குகிறேன். துணி போட்டு மூடின ஒரு நாற்காலி, யாரும் தொடாத ஜன்னல். காலையில் அதைத் திறந்து, சாயங்காலம் மூடி, உள்ளே போய்ச் சோறு தின்றுவிட்டுப் படுக்கிறேன். போன வருஷம் நீங்கள் வந்திருக்கலாம். வராமல் மொசைக்கை அனுப்பினீர்கள். நல்ல மொசைக்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் அதைக் கேட்கவில்லையே.

அப்பா தையல் கடையில் உட்கார்ந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பையன் கஷ்டப்படறவன்தான். ஆனா நான் நின்னுக்கிட்டு இருந்தேன்னு அவனும் கடைசி வரைக்கும் உக்காரவே இல்ல. வெயில்ல ஓடிப்போயி சோடா வாங்கியாந்தான்" என்றார். உள்ளே இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களை எனக்குப் பிடித்தது அப்போதுதான். நீங்கள் எதை நினைத்து வெட்கப்படுகிறீர்களோ அதற்காகத்தான் நான் சரி என்று சொன்னேன். இதை இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பச்சியப்பன் தினமும் நம் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். என்னைப் பார்த்தால் "நல்லாக்கிறீங்களா மெம்பரம்மா" என்று கேட்டுவிட்டுப் போகிறார். வேறு ஒரு சொல் கிடையாது. படியைத் தாண்டும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்கிறார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

உள்ளே பத்துக் கூரை வீடு இருக்கிறது. ஹயாத் பாஷா வக்கீலைப் பார்த்தார். புறம்போக்கு நிலத்துக்குக் கேஸ் நிற்காதாம், தள்ளிப்போட மட்டும் முடியுமாம். எனக்குத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் லீவு போட்டு வாருங்கள். நேரில் வந்து சந்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

வஹிதா


தம்மாம்
6-7-1986

வஹிதாவுக்கு.

சோடா சமாச்சாரம் படித்தேன். வெளியே போய் லாரி நிழலில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

இந்த வாரம் ஒரு தெருவில் சுவர் இடித்தோம். பலதியா ஆள் காலையில் வந்து கோடு போட்டான், மத்தியானம் புல்டோசர் வந்துவிட்டது. கேள்வி முறை கிடையாது. ஒரு கிழவர் உள்ளே போய் ஒரு விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வண்டிக்குக் கைகாட்டுகிற வேலை எனக்கு. காட்டினேன். நம் அறை கண் முன்னால் வந்தது. பச்சியப்பனும் வந்தான். இரண்டில் எதைத் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று செய். செப்டம்பரில் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்துவிடும் என்று ஃபோர்மேன் சொல்கிறான். நான் வருகிற வரைக்கும் அறையை விட்டு வை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். மறுநாள் முதல் அடியை நானே அடிக்கிறேன். மெம்பர் வீட்டு ஆள் அடித்தான் என்று ஊர் சொல்லட்டும்.

தஸ்தகீர்


தொட்டகானஹள்ளி
30-7-1986

ஷமீம் அப்பாவுக்கு. ஸலாம், ஸலாம், ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டேன்.

செப்டம்பர் வரை பொறுக்கச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டேன். சரி என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். மற்ற ஏழு வீட்டிலும் இடித்தாகிவிட்டது. பக்ருதீன் பாய் மூக்கால் அழுதுகொண்டே இடித்தார். இப்போது சந்தில் நம் வீடு மட்டும்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது. குழாயடியில் கண்ணம்மாள் என் காதில் விழட்டும் என்றே, "ஊருக்கெல்லாம் சட்டம், மெம்பரு வூட்டுக்கு மட்டும் சலுகை" என்றாள். "வூட்டுக்காரரு வராருடி. வந்த மறுநாளே இடிப்பாரு" என்றேன். "நெசமாவா?" என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையெழுத்துப் போடுகிறபோதுகூடச் சிரிக்கிறேன் என்று இ.ஓ. ஒரு மாதிரி பார்க்கிறார்.

புது டீ கப் வாங்கினேன். தலையணைக்குப் பஞ்சு மாற்றினேன். ஷமீம் தினமும் மாரண்டஹள்ளி பஸ் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் ஏறி நிற்கிறாள். இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் போகும்போது அவளுக்கு மூன்று வயசு. உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். எப்படிச் சொல்ல? வந்து நீங்களே பேசுங்கள்.

எந்தத் தேதி என்று மட்டும் எழுதுங்கள். பெங்களூருக்கு ஹயாத் பாஷாவை அனுப்புகிறேன்.

வஹிதா


தம்மாம்
8-9-1986

வஹிதாவுக்கு.

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரிய ரோடு ஒன்று எடுத்திருக்கிறார்கள், ஆள் பற்றவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. நான் ஃபோர்மேனிடம் போய்க் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் அப்படி யாரிடமும் கெஞ்சினதில்லை. மார்ச்சில் பார்க்கலாம் என்றான்.

ஷமீமிடம் என்ன சொல்வாய்? எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் அவளுக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருந்தேன். சாவி கொடுத்தால் கை தட்டும். அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

மார்ச் வரைக்கும் அறையை விடச் சொல். இத்தனை நாள் பொறுத்தவர்கள் இன்னும் ஆறு மாசம் பொறுக்க மாட்டார்களா? எனக்காகக் கேள். இது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன்.

தஸ்தகீர்


தொட்டகானஹள்ளி
20-10-1986

ஷமீம் அப்பாவுக்கு.

இடித்துவிட்டோம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுதினால் உங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

உங்கள் கடிதம் வந்ததும் மார்ச் வரை பொறுக்கச் சொல்லி மனு எழுதி எடுத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்குத் தீபாவளிப் பாதுகாப்பு பற்றிப் பேச்சு. கூரை வீட்டுப் பக்கம் ராக்கெட் விடக் கூடாது என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்வதாக முடிவாயிற்று. மைக்கில் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா? பிறகு நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் தலைவர், "மெம்பரம்மா வூட்டு விஷயந்தானே, மெதுவா செஞ்சிக்கலாம்மா, அவசரமே இல்ல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. குள்ளம்மாள் எரிந்தபோதும் யாருக்கும் அவசரமில்லாமல்தானே இருந்தது? மனுவை நீட்டவில்லை. "இந்த ஞாயித்துக்கெழமையே ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி மேல் இருந்த துணியை எடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஷமீமை மடியில் வைத்துக்கொண்டேன். புதுக் கப்பில் டீ குடித்தேன். ஜன்னலில் தெரிந்ததையெல்லாம் உங்களுக்காகப் பார்த்தேன். தையல் கடைக்காரர் விளக்குத் திரியைத் தூண்டினார். பாலக்கோடு பஸ்ஸுக்கு நாலு பேர் நின்றார்கள். தக்காளிக் கூடை ஏற்றின வண்டி ஒன்று போயிற்று. காற்று நன்றாக வருகிறது. நீங்கள் சொன்ன இடம்தான் சரியான இடம்.

ஞாயிறு காலை பஞ்சாயத்து அனுப்பின ஆட்களில் பச்சியப்பனும் இருந்தார். கடப்பாரையை வைத்துக்கொண்டு நின்றாரே தவிர அடிக்கவில்லை. "நெலையும் ஜன்னலும் ஒடையாம கழட்டித் தரேனுங்க மெம்பரம்மா. அண்ணன் வந்து கேட்டா இருக்கோணுமில்லீங்களா" என்றார். அப்படியே கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சாத்தி வைத்தார். அதற்குப் பிறகுதான் சுவரைத் தொட்டார். வேலை முடிந்ததும் டீ கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். அந்தத் தீக்குப் பிறகு நம் வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

புதன்கிழமை ஒத்திகைக்காகத் தர்மபுரியிலிருந்து ஃபயர் இன்ஜின் வந்தது. சந்து முனையில் ஒரு நிமிஷம் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு மெதுவாக உள்ளே போய்க் கிணறு வரை போயிற்று. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்கள். பச்சியப்பன் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

முன்பக்கம் இப்போது தார்ப்பாய் கட்டியிருக்கிறது. காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. யாரோ வந்துவிட்டார்கள் என்று ஷமீம் எழுந்து பார்க்கிறாள். நானும்தான். செய்தது சரி என்று தெரிகிறது. ஆனாலும் உங்களை வீட்டிலிருந்து வெளியே அனுப்பிவிட்ட மாதிரி இருக்கிறது. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் செய்யவில்லை. திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

வஹிதா


தம்மாம்
22-11-1986

வஹிதாவுக்கு தஸ்தகீர்.

கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. திட்ட உட்கார்ந்தேன், அதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தனியாகக் கடற்கரைக்குப் போனேன். சிமெண்ட் பெஞ்சில் இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். யாரும் நகரச் சொல்லவில்லை. அறைக்கு வந்து படுத்தேன். வழக்கம்போல் கதவைத் திறக்கப் போனேன், கதவு இல்லை. அதற்குப் பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. கண்ணை மூடினால் ஒன்றும் வருவதில்லை.

உன் மேல் கோபம் இல்லை. அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் வீட்டுக்காரி மெம்பர், எங்கள் வீட்டையே இடித்து ஃபயர் இன்ஜினுக்கு வழி விட்டாள் என்று. ஒரு மலையாளத்தான் எழுந்து கை கொடுத்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கை கொடுத்துவிட்டு அவன் போய்ப் படுத்துவிட்டான்.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். மார்ச் லீவு வேண்டாமென்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். மாடியில் ஒரு அறை கட்டுவோம். முன்னதைவிடப் பெரிதாக, மூன்று ஜன்னல் வைத்து. ஆகாயத்தில் எந்தச் சர்வேயர் வந்து கோடு போடுவான்? பச்சியப்பன் எடுத்து வைத்த நிலையும் ஜன்னலும் உதவும். பிளான் இதோடு வைத்திருக்கிறேன். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பென்சிலில் குறித்திருக்கிறேன். பஞ்சாயத்து அனுமதி வாங்க வேண்டும். நீதான் மெம்பர் ஆயிற்றே, சீக்கிரம் வாங்கி அனுப்பு. அனுமதி வந்ததும் கம்பெனியில் கையெழுத்துப் போடுகிறேன்.

தஸ்தகீர்


தொட்டகானஹள்ளி
17-12-1986

அனுப்புநர்: வஹிதா, உறுப்பினர், டவுன் பஞ்சாயத்து, தொட்டகானஹள்ளி.

பெறுநர்: தஸ்தகீர், ரோடு வேலை, தம்மாம்.

பொருள்: கிணற்றுச் சந்து முதல் வீட்டில் மாடி அறை கட்ட அனுமதி கேட்டது தொடர்பாக.

பார்வை: தங்களின் 22-11-86 கடிதமும் அதனுடன் வந்த பிளானும்.

மேற்படி பிளான் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அறைகளுக்கே ஆள் இல்லாததால் இன்னொரு அறைக்கு அனுமதி இல்லை.

இந்தப் பிளானை நான் பஞ்சாயத்தில் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். ஹயாத் பாஷா கொண்டுபோய்க் கொடுத்தால், கூட்டத்தில் எழுந்து நின்று ஆட்சேபணை சொல்வேன். சொல்ல எனக்கு இப்போது பயமில்லை.

இதற்கு மேல் மெம்பர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். முன்னறை கட்டுகிறோம் என்று மூன்று வருஷம் போயிற்று. மாடி என்று இரண்டு வருஷம் போகும். அது முடிந்தால் காம்பவுண்ட் சுவர் என்பீர்கள். எனக்கு ஜன்னல் வேண்டாம். மூன்று ஜன்னல் வேண்டவே வேண்டாம். மொசைக் வேண்டாம். வருகிறவர்கள் நின்றுவிட்டுப் போகட்டும். எனக்கு நீங்கள் வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு ராத்திரியில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. கூட்டத்தில் பேசிவிட்டு வந்து அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லாமல் இருக்கிறது. பஞ்சாயத்தில் நான் சொன்னால் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் என் குரலை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கண்ணை மூடினால் போக இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அழுதேன். கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள். மண்டியில் மூட்டை தூக்கினாலும் சாப்பிடலாம். முதுகுக்கு முடியாதென்றால் நான் மனு எழுதியே சம்பாதிக்கிறேன். ஃபயர் இன்ஜினே வந்து போகிற சந்தில் நீங்கள் வர இடமில்லையா?

கம்பெனியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த உத்தரவின் மேல் முறையீடு செய்ய விரும்பினால் மனுதாரர் மார்ச் மாதத்தில் நேரில் வர வேண்டும். தபாலில் வருவது ஏற்றுக்கொள்ளப்படாது.

வஹிதா